கற்ற வித்தையும் பெற்ற வரமும்: மாயக்கதைத் தலைவனின் மந்திரவாதி வெறுப்பு

தமிழில் வழங்கும் மாயக்கதைகளில் தலைவனுக்கு இரண்டு அடையாளங்கள் தவறாமல் அமைகின்றன. அவன் கையில் வாள் இருக்கும். மந்திரவாதி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவன் முகம் சுளிக்கும். வாளைப் பற்றி இங்குப் பேச வேண்டியதில்லை. அந்த முகச்சுளிப்பே இக்கட்டுரையின் பொருள். அது கதையில் ஒருபோதும் விளக்கப்படுவதில்லை. மந்திரவாதி தீயவன் என்பது நிறுவப்பட வேண்டிய செய்தியாக அன்றி, கேட்போர் முன்கூட்டியே அறிந்துவைத்திருக்கும் செய்தியாகவே வருகிறது. நிறுவப்படாமல் ஏற்கப்படும் எதுவும் திறனாய்வின் கவனத்துக்கு உரியது.

எடுத்துக்காட்டாகப் பாதாள பைரவியைக் கொள்ளலாம். விஜயா நிறுவனத்துக்காகக் கே. வி. ரெட்டி இயக்கிய இப்படம் 1951இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்தது. தோட்டக்காரியின் மகனாகிய தலைவன் உச்சயினி இளவரசியை விரும்புகிறான். அரசன் செல்வம் கேட்கிறான். நேபாளத்திலிருந்து வந்த மந்திரவாதிக்குத் தைரியசாலியான ஓர் இளைஞன் தேவைப்படுகிறான். அவனைப் பைரவிக்குப் பலியிட்டால் கேட்டதைத் தரும் சிலை கைக்கு வரும். குளத்தில் முதலை வடிவில் சாபமுற்றுக் கிடந்த பெண்ணொருத்தி தலைவனிடம் சூழ்ச்சியை உடைத்துவிட, அவன் மந்திரவாதியையே வெட்டிப் பைரவிக்குக் கொடுத்துச் சிலையைப் பெறுகிறான். அடுத்த காட்சியில் என்ன நிகழ்கிறது? சிலை உடைக்கப்படுகிறதா, கடலில் எறியப்படுகிறதா? இரண்டும் இல்லை. தலைவன் மாளிகை கேட்கிறான். மாளிகை வருகிறது. மந்திரத்தால் எழுந்த அம்மாளிகையைக் கண்டு அரசனோ இளவரசியோ பார்வையாளரோ எவரும் முகம் சுளிப்பதில்லை.

கொலை செய்யத் துணிந்தவனை வெறுப்பது எவ்வாறு தப்பெண்ணமாகும் என்று கேட்கலாம், முறையான கேள்விதான். மந்திரவாதி நல்லவன் என்று காட்ட இக்கட்டுரை முற்படவில்லை. ஆனால் அப்படத்தில் பலி தடுக்கப்படவில்லை என்பதை நோக்க வேண்டும். பலி கொடுக்கப்பட்டது, பைரவியும் ஏற்றாள், பலியாள் மட்டுமே மாறினான். விலையும் பொருளும் ஒன்றாகவே இருக்க, வாங்கியவன் யார் என்பதைக் கொண்டு ஒருவன் அரக்கனாகவும் மற்றவன் மருமகனாகவும் ஆகின்றனர். தவிரவும், மந்திரம் கற்ற ஒவ்வொருவனும் ஏன் பிறன் தலையையே நாட வேண்டும் என்ற கேள்வி கதைக்குள் எழுவதில்லை. கதை அவனை அவ்வாறு படைத்துக்கொள்கிறது. பிறகு அதையே அவன்மீது குற்றமாகச் சாட்டுகிறது.

இக்கட்டமைப்பு படக்காரர்கள் புதிதாகக் கண்டதன்று. அதன் வேர் வேதாளக் கதையில் உள்ளது. அக்கதையின் தமிழ் வடிவத்தைப் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து 1831இல் இலண்டனில் வெளியிட்டார்; வடமொழி வடிவத்தை லூயி ரெனு பிரெஞ்சில் பெயர்க்க, 1963இல் பாரிஸின் கலிமார் பதிப்பகம் அதை வெளியிட்டது. சோமதேவரின் 11ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில், அரசனைச் சுடுகாட்டுக்கு அழைக்கும் துறவிக்குப் பொறுமையே இயல்பாக உடையவன் எனப் பொருள்படும் க்ஷாந்திசீலன் என்பது பெயர். அவன் ஒவ்வொரு நாளும் மணி பொதிந்த கனியொன்றை அரசனுக்குத் தந்து காத்திருந்தவன். இறுதியில் வேதாளம் எச்சரிக்க, எவ்வாறு வணங்குவது என்று காட்டும்படி அரசன் கேட்கிறான். காட்டக் குனிந்தவனின் தலையை அறுத்து, இதயத்தையும் பறித்து வேதாளத்துக்கே படைக்கிறான். அதற்கு வேதாளம் தரும் பரிசுதான் நுட்பமானது. துறவி எந்த ஆட்சியை அடைய முயன்றானோ, அந்த வித்தியாதர ஆட்சியே பிற்காலத்தில் அரசனுக்குக் கிட்டும் என்கிறது. வித்தியாதரர் என்போர் யார்? சொல்லே விடை கூறுகிறது: வித்தையைத் தரித்தவர். வித்தைக்காரனைக் கொன்றதற்குப் பரிசாக வித்தைக்காரர்களின் பேரரசனாகும் உரிமை!

ஆகவே தலைவன் வெறுப்பது மந்திரத்தை அன்று. மந்திரத்தைத் தேடிக் கற்று, அலைந்து, உழைத்துச் சேர்த்தவனையே அவன் வெறுக்கிறான். தேடாமல் வந்த மந்திரம் வரம். தேடிப் பெற்ற மந்திரம் சூனியம். இந்தப் பகுப்பு தமிழ்க் காப்பியங்களிலேயே உறுதிப்பட்டுவிட்டது. மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் தெய்வம் மூன்று மந்திரங்களை அருளுகிறது: வேற்றுருக் கொள்ள, வான்வழிச் செல்ல, பசி நீங்க. சீவகனுக்குச் சுதஞ்சணன் மூன்றைத் தருகிறான். இருவரும் கேட்டுப் பெறவில்லை. மணிமேகலை காயசண்டிகையின் உருவம் கொண்டதன் விளைவாகக் காஞ்சனன் மயங்கி உதயகுமரனை வெட்டுகிறான். ஓர் உயிர் போகிறது. ஆயினும் அவளை மந்திரக்காரி என்று சுட்டும் வாசகர் எவருமில்லை. விஜயா நிறுவனமே இதற்கு வேறொரு சான்றையும் தருகிறது. 1951இல் நேபாள மந்திரவாதியாக அச்சுறுத்திய எஸ். வி. ரங்காராவ், 1957இல் அதே இயக்குநரின் மாயாபஜாரில் கடோற்கசனாகத் தோன்றி அதே வகை மாயங்களைச் செய்து குழந்தைகளின் அன்பைப் பெற்றார். அங்கே மாயம் பிறப்போடு வந்தது, ஆகவே குற்றமில்லை.

பிறப்பு என்ற சொல் வந்துவிட்ட பிறகு காத்தவராயனை ஒதுக்கிச் செல்ல இயலாது. சீவகனுடன் அவனை இணைத்துப் படிப்பது வழக்கமன்று. இணைத்தால்தான் பொருள் விளங்குகிறது. சீவகன் மந்திரத்தால் கிழவேடம் பூண்டு, ஆடவரைக் காணவும் மறுத்த சுரமஞ்சரியின் கன்னிமாடத்துக்குள் நுழைந்து அவளை மணக்கிறான். காத்தவராயனும் வித்தை வல்லவன். வளையல் விற்பவன் முதலிய வேடங்கள் பூண்டு ஆரியமாலையை நாடுகிறான். செயல் ஒன்றே. சீவகனின் கதைக்கு மணநூல் என்ற பெயர் கிடைத்தது. காத்தவராயனுக்குக் கழுமரம் கிடைத்தது. வணிகன் மனையில் வளர்ந்தாலும் முதல்வன் அரசன் மகன். அடுத்தவனோ தாழ்த்தப்பட்டோரிடையே வளர்ந்து பார்ப்பனப் பெண்ணை விரும்பியவன். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடலையும், டேவிட் சுல்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வையும் படிப்போர், சாதி மீறலே கழுவுக்குக் காரணம் என்பதை எளிதில் ஏற்பர். அம்மீறலை மந்திரத்தின் பெயரால் பேசுவது கதைக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் உடன் காண வேண்டும். ஆசைப்பட்டான் என்பதைவிட மயக்கினான் என்பது தண்டிக்க எளிய குற்றம்.

யாழ்ப்பாணத்துச் சிந்துநடைக் கூத்து இதே கதையை வேறுவிதமாகக் கொண்டுசெல்கிறது. அங்குத் தாயாகிய முத்துமாரியே மகனின் மணத்தைத் தள்ளிப்போட அருஞ்செயல்கள் பல விதிக்கிறாள். கேட்போரின் நெஞ்சம் முழுவதும் காத்தவராயன் பக்கமே. மந்திரம் அறிந்தவன் தலைவனாகும்போது, வாளேந்தியவனின் முகச்சுளிப்புக்கு மேடையில் இடமில்லை. புலம்பெயர்ந்தோர் தங்களோடு கொண்டுசென்ற கலைகளுள் இக்கூத்தும் ஒன்று என்பது இவ்வாய்வுக்குச் சிறிய செய்தியன்று.

கழுமரம் பெரியபுராணத்தையும் நினைவூட்டும். பாண்டியனின் வெப்புநோயைத் தீர்க்கச் சமணர் மந்திரம் ஓதி மயிற்பீலியால் தடவுகின்றனர். சம்பந்தர் பதிகம் பாடித் திருநீறு பூசுகிறார். சமணரின் மந்திரம் பலிக்காமற் போகிறது. சம்பந்தரின் பாடல் பலிக்கிறது. அனலிலும் புனலிலும் ஏடுகள் இடப்பட்ட பின்னர், தோற்றோர் கழுவேறினர் என்று சேக்கிழார் பாடுகிறார். அது வரலாற்றில் நிகழ்ந்ததா என்ற நெடிய விவாதம் இங்குத் தேவையில்லை. இரு தரப்பும் சொல்லால் நோய் தீர்க்க முற்பட்டன. ஒரு தரப்பின் சொல் அற்புதம் என்றும் மறு தரப்பின் சொல் வஞ்சம் என்றும் பெயர் பெற்றன. பெயரிடும் உரிமை வென்றவரிடம் இருந்தது. நிறைமொழி மாந்தரின் ஆணையிற் பிறப்பதே மந்திரம் என்று தொல்காப்பியம் வகுத்தபோது, அச்சொல்லில் இழிவின் நிழல்கூட இல்லை என்பதை இங்குக் குறிப்பது பொருந்தும்.

பாதாள பைரவியின் மந்திரவாதிக்குத் தனிப்பெயர் கிடையாது. நேபாள மந்திரவாதி என்பதே அவன் பெயர். தமிழ் வழக்கில் இதற்கு இணையானவன் மலையாள மந்திரவாதி. கேரளத்தில் இதே அச்சத்தோடு வேறொரு திசையைச் சுட்டுவார்கள். மந்திரம் எப்போதும் எல்லைக்கு அப்பாலிருந்தே வருகிறது. அயலான் என்பதால் மந்திரவாதியா, மந்திரவாதி என்பதால் அயலானா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பிணைந்துள்ளன. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிக்கும்போது இது கண்ணில் படுவதில்லை. பாரிஸின் லா சப்பலில் படிக்கும்போது கண்ணை உறுத்துகிறது.

லா சப்பல் ஈழத்தமிழரின் கடைத்தெரு என்பது பேராளர் அறிந்ததே. ஃபோபூர் சென் தெனி வீதியில் புடவைக் கடைகளும் மளிகைக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன; 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் இவ்வீதிகளில் உலா வருகிறது. அடுத்த மெட்ரோ நிலையம் பார்பெஸ். இப்பகுதி நிலைய வாயில்களில் நெடுங்காலமாகக் கையில் திணிக்கப்படும் சிறு சீட்டுகளை அறியாதவர் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரபூ எனப்படும் மந்திரக்காரர்களின் விளம்பரங்கள் அவை: பிரிந்த துணை திரும்புவார், தேர்வில் வெற்றி கிட்டும், செய்வினை நீங்கும். அண்மைக் காலத்தில் இந்தியச் சோதிடர்களின் சீட்டுகளும் அவற்றோடு சேர்ந்துள்ளன. 1994 மார்ச்சில் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, குறி சொல்வதைத் தொழிலாகக் கொள்வதே பிரான்சில் தண்டனைக்குரிய செயல் என்பதும் நினைக்கத் தக்கது.

மரபூவைப் பிரெஞ்சு அரசு எதிர்கொண்ட முறை வேதாளக் கதையை அப்படியே ஒத்திருக்கிறது. 1856இல் அல்ஜீரியாவில் மரபூக்களின் செல்வாக்கைக் குலைக்க விரும்பிய ஆட்சி, மறுப்பதற்கு அறிஞர் எவரையும் அனுப்பவில்லை. ரொபேர் ஊதேன் என்ற புகழ்பெற்ற மாயவித்தைக்காரரை அனுப்பியது. அவர் மேடையில் ஒரு சிறு பெட்டியை வைத்து, வலிமை மிக்க ஒருவரைத் தூக்கச் சொன்னார். அடியில் மறைந்திருந்த மின்காந்தம் அதை அசையவிடவில்லை. மின்னதிர்ச்சி அவரை நிலைகுலையச் செய்தது. தம் நினைவுநூலில் ஊதேன் இதைப் பெருமிதத்தோடு எழுதியுள்ளார். மந்திரத்தை மந்திரத்தால் வென்றவர் தம்மை அறிவின் தூதராகவும், தோற்றவரை ஏமாற்றுக்காரராகவும் கருதினார். சேக்கிழாரின் மதுரையிலிருந்து அல்ஜியர்ஸ் அவ்வளவு தொலைவில் இல்லை. அவர் பெயரால் பாரிஸில் இருந்த அரங்கை 1888இல் வாங்கிய மெலியேசே பின்னர்த் தந்திரப்படங்களின் தந்தையானார். பாதாள பைரவியில் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு காட்டிய தோன்றல்களும் மறைதல்களும் அந்த மரபின் வழித்தோன்றல்களே. மந்திரவாதியை இழிக்கும் படம், தொழில்நுட்பத்தால் மந்திரவாதியின் பேரன்.

லா சப்பலின் தமிழர், மரபூவின் சீட்டைச் சிரித்தபடி கசக்கி எறிகிறார். அதே மாலை கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதில் அவருக்கு முரண்பாடு தோன்றுவதில்லை; தோன்ற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கோரிக்கையன்று. கோருவது வேறு. அச்சீட்டைத் தந்தவரைக் குறிக்க இவ்வீதியின் பேச்சுத் தமிழில் வழங்கும் சொற்கள் சில அச்சேறத் தகாதவை. அச்சொற்களில் ஒலிப்பது மாயக்கதைத் தலைவனின் குரல். தேங்காய்கள் குவித்து உடைக்கப்படுவதையும், கர்ப்பூரம் ஏந்தியோரையும், காவடியையும் கைப்பேசியில் படம்பிடிக்கும் சுற்றுலாப் பயணியின் பார்வையிலோ, இவ்வீதியில் தலைவன் எவனும் இல்லை. இருப்போர் அனைவரும் நேபாளத்திலிருந்து வந்தவர்களே.

பாதாள பைரவியைத் தயாரித்த நாகிரெட்டி, சக்கரபாணி இருவரே 1947இல் அம்புலிமாமாவைத் தொடங்கியவர்கள். அவ்விதழில் பல பத்தாண்டுகள் தொடர்ந்த வேதாளக் கதைகளில் மூலக்கதையின் முடிவு வருவதேயில்லை. சங்கரின் ஓவியத்தில் அரசன் உருவிய வாளுடன் பிணத்தைத் தோளில் சுமந்தபடி நடந்துகொண்டே இருக்கிறான். வேதாளம் ஒவ்வொரு மாதமும் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. அவனைச் சுடுகாட்டுக்கு அழைத்த துறவி அப்பக்கங்களில் முகம் காட்டுவதில்லை. தலை அறுபடாமல், வித்தையும் கைகூடாமல், ஓவியத்தின் எல்லைக்கு வெளியே அவன் எங்கோ காத்திருக்கிறான்.