தோற்றக் கதைகள் என்னும் உரிமைச் சாசனங்கள்

உலகம் எவ்வாறு உண்டாயிற்று, மனிதன் எதிலிருந்து ஆக்கப்பட்டான், ஒரு குலம் தான் வாழும் நிலத்தை எவ்வழியே வந்தடைந்தது என்னும் வினாக்களுக்கு விடையாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதைகளை நாட்டார் வழக்காற்றியலார் இரு பெரும் பிரிவாகப் பகுத்துக் காண்பர். சொல்வோரும் கேட்போரும் புனிதமென நம்புவதும், இன்றைய உலகம் உருப்பெறுவதற்கு முந்திய காலத்தில் நிகழ்வதுமான கதை தொன்மம் எனப்படும். மனிதர் வாழத் தொடங்கியபின், பெயர் சொல்லக்கூடிய ஊரிலோ மலையிலோ நடந்ததாக நம்பப்படுவது பழமரபுக் கதை எனப்படும். 1965இல் இப்பகுப்பைத் தெளிவுபடுத்திய அமெரிக்க மானிடவியலாளர் வில்லியம் பாஸ்கம், மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடையே நெடுங்காலம் ஆய்ந்தவர். யொரூபா மரபில் உலகைப் படைத்த ஒடுதுவாவே இஃபே நகரின் முதல் அரசனாகவும் இருப்பதால், எங்கே தொன்மம் முடிந்து எங்கே பழமரபுக் கதை தொடங்குகிறது என்று அங்குக் கோடு கிழிப்பது அரிது. அந்தக் கடினமே இத்துறையின் மையச் சிக்கல் என்று கொள்ள இடமுண்டு. உலகத்தின் தொடக்கத்தைச் சொல்லும் கதை, சொல்பவருடைய ஊரின், குலத்தின், அரசின் தொடக்கத்தில் வந்து நிற்பது உலகெங்கும் காணப்படும் இயல்பாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கோலோச்சிய ஒப்பீட்டாளர்கள் இவ்வியல்பைப் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் ஃப்ரேசர் கேம்பிரிட்ஜில் நூலகத்தில் அமர்ந்தபடியே, மதபோதகரும் அதிகாரிகளும் அனுப்பிய குறிப்புகளிலிருந்து உலகெங்குமுள்ள ஊழிவெள்ளக் கதைகளைத் திரட்டி 1918இல் வெளியிட்டார். ஸ்டித் தாம்சன் கதைகளைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து எண்ணிட்டு 1930களில் வெளியிட்ட பேரட்டவணையில் படைப்புக் கதைகளுக்கே முதலிடம் தந்தார். இவ்வுழைப்பின் பயன் சிறிதன்று. எங்கும் நீராக இருந்த காலத்தில் ஓர் உயிரினம் ஆழத்தில் மூழ்கி எடுத்துவந்த சிறு மண்ணிலிருந்து நிலம் விரிந்தது என்னும் கதை வகை, வட ஆசியாவிலிருந்து வட அமெரிக்கா வரை பரவிக் கிடப்பதை இத்தகைய அட்டவணைகளே காட்டின. வட அமெரிக்காவின் ஹோடெனோஷோனி மக்களிடையே வானிலிருந்து விழுந்த பெண்ணைப் பறவைகள் தாங்கிக்கொள்ள, கஸ்தூரி எலி கொணர்ந்த மண் ஆமையின் முதுகில் வளர்ந்து நிலமாகிறது. கிழக்கிந்தியாவின் சந்தால் மக்களிடையே மண்புழு மேலே கொணர்ந்த மண் ஆமையின் மீது தங்கி நிலமாக, அன்னப் பறவைகளின் முட்டைகளிலிருந்து முதல் மனித இணை பிறக்கிறது. இத்தனை தொலைவில் இத்தனை ஒப்புமை எவ்வாறு ஏற்பட்டது என்னும் வினா இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயினும், ஹோடெனோஷோனி கதையில் வானப் பெண்ணின் மகளுடைய உடலிலிருந்து மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் முளைத்ததையும், அச்சமூகத்தில் குலம் தாய்வழியே வருவதையும், பெண்களே பயிரிட்டு உணவைக் காத்ததையும் சேர்த்துப் பார்க்காதவர் அக்கதையின் எலும்பை மட்டுமே கண்டவர் ஆவார்.

இக்குறையை முதலில் உரக்கச் சுட்டியவர் புரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினியை அடுத்த டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று வாழ்ந்த அவர், தோற்றத் தொன்மம் இயற்கையை விளக்கும் பழங்கால அறிவியல் முயற்சி அன்று, நடப்பிலுள்ள உரிமைக்கும் தகுதிக்கும் ஆதாரமாக நிற்கும் சாசனம் என்று 1926இல் எழுதினார். அத்தீவுகளில் ஒவ்வொரு துணைக்குலமும் தன் முதல் பெண்ணும் அவள் உடன்பிறந்தானும் நிலத்தடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட துளையின் வழியே வெளிவந்ததாகச் சொல்லும். அத்துளை எவ்விடத்தில் உள்ளதோ அவ்விடத்து நிலமும் தோட்டமும் அக்குலத்துக்கு உரியவை. நான்கு பெருங்குலங்களின் விலங்குகளும் லாபாய் ஊரருகே ஒரே துளையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்று சொல்லும் பொதுக்கதையில், முதலில் உயர்நிலையில் இருந்த நாய், இழிவாகக் கருதப்படும் நொகு என்னும் செடியின் பழத்தைத் தின்றதைப் பார்த்த பன்றி, இழிந்ததை உண்ட நீ இழிந்தவன், இனி நானே தலைவன் என்று சொன்னதாம். பன்றியின் குலமாகிய மலாசியின் ஒரு கிளையே அத்தீவின் உயர்ந்த தலைமைக் குடி என்பதை அறிந்தவருக்கு, விலங்குக் கதைபோல் தோன்றும் இது ஓர் அரசியல் ஆவணம் என்பது விளங்கிவிடும். பிற்காலத்தில் நான்கு பெருந்தொகுதிகளில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பழங்குடித் தொன்மங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் லெவி-ஸ்த்ரோஸ், கதைகளின் உள்ளமைப்பில் மனித மனத்தின் பொது விதிகளைத் தேடினார். அவருடைய நுட்பம் வியக்கத்தக்கது, ஆனால் கதை யாருடைய நிலத்தைக் காத்தது என்னும் வினா அவர் நூல்களில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது.

மாலினோவ்ஸ்கியின் கருத்து எழுத்தறியாச் சமூகங்களுக்கு மட்டும் பொருந்துவதன்று என்பதற்கு மெசொப்பொத்தேமியாவே சான்று. ஏழு களிமண் பலகைகளில் எழுதப்பட்ட எனுமா எலிஷ் என்னும் பாபிலோனியப் படைப்புக் காவியத்தில், இளைய தெய்வமாகிய மர்துக், உப்புநீர்த் தாயான தியாமத்தைக் கொன்று அவள் உடலை இரண்டாகப் பிளந்து வானையும் மண்ணையும் அமைக்கிறான்; கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கிங்குவின் குருதியிலிருந்து, தெய்வங்களின் உழைப்புச் சுமையைத் தாங்குவதற்கென்றே மனிதன் ஆக்கப்படுகிறான். புத்தாண்டுத் திருவிழாவின் நான்காம் நாளில் மர்துக்கின் கோயிலில் ஓதப்பட்ட இக்காவியம், ஒரு நகரத்தின் தெய்வம் ஏன் எல்லாத் தெய்வங்களுக்கும் அரசனானது என்பதை நிறுவுவதற்கே எழுந்தது. அசூரிய மன்னன் சென்னகெரிப் கி.மு. 689இல் பாபிலோனை அழித்தான். அசூரியர் படியெடுத்த பலகைகளில் மர்துக்கின் இடத்தில் அவர்களுடைய தெய்வமான அசூர் அமர்த்தப்பட்டிருப்பதையும் காண்கிறோம். நகரத்தை வென்றவர்களுக்கு அந்நகரம் சொன்ன உலகத் தொடக்கத்தையும் வென்றாக வேண்டியிருந்தது. கி.பி. 712இல் ஜப்பானில் தொகுக்கப்பட்ட கொஜிகியின் முன்னுரையும் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது: குடும்பங்கள் வைத்திருந்த மரபுப் பதிவுகளில் பொய் கலந்துவிட்டதால் அவற்றைத் திருத்த வேண்டுமென்று பேரரசர் தென்மு ஆணையிட்டார். ஆனால் கொஜிகிக்கு எட்டாண்டு கழித்து முடிக்கப்பட்ட நிஹோன் ஷோகி, தெய்வங்களின் காலத்தைக் கூறும் பகுதியில், மற்றொரு நூல் இவ்வாறு கூறும் என்று பாடவேறுபாடுகளை அடுக்கித் தருகிறது. அரசின் ஆணையில் எழுந்த நூலில் மாற்றுக் கதைகளுக்கும் இடமளித்த அந்தத் தொகுப்பாளர்களின் நேர்மை பாராட்டுக்குரியது.

இத்துறையில் மிக நெருங்கிப் படிக்கத் தக்க நூல், குவாத்தமாலாவின் மலைநாட்டில் வாழும் கிச்சே மாயர்களின் போபோல் வூஹ் ஆகும். தெய்வங்கள் முதலில் மண்ணால் மனிதனைச் செய்தனர், அவன் நீரில் கரைந்தான். பின்னர் மரத்தால் செய்தனர், அவனுக்கு நெஞ்சமும் நினைவும் இல்லாமையால் அவனுடைய பானைகளும் நாய்களுமே அவன்மீது பாய்ந்தன, தப்பியவர் குரங்குகளாயினர். இறுதியில் மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோளத்தை அரைத்த மாவிலிருந்து நால்வர் உருவாயினர். அந்நால்வருடைய பார்வை உலகின் எல்லை வரை சென்றதைக் கண்டு கலங்கிய தெய்வங்கள் அவர்கள் கண்களில் மூடுபனி படரச் செய்து, அருகிலுள்ளதை மட்டும் காணுமாறு ஆக்கினர் என்னும் பகுதிக்கு ஈடான கற்பனை உலகத் தோற்றக் கதைகளில் மிகச் சிலவே. ஆனால் நூல் அங்கே முடிவதில்லை. அந்நால்வரின் வழித்தோன்றல்கள் எவ்வாறு அந்த மலைகளை அடைந்தனர், எந்தக் குலம் எந்தப் பட்டத்துக்குரியது என்று விவரித்து, ஸ்பானியர் ஆட்சியில் வாழ்ந்த தலைவர்கள் வரை தலைமுறைப் பட்டியலை நீட்டிச் செல்கிறது. ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ அல்வராதோவின் படை 1524இல் அந்நாட்டை அழித்தபின், 1550களில், பெயர் சொல்லாத கிச்சே அறிஞர்கள் இலத்தீன் எழுத்தைக் கற்று, தங்கள் பழைய நூலை இனிக் காண இயலாது என்பதால் இதை எழுதுவதாகக் குறிப்பிடுகின்றனர். அதே காலத்தில், 1554இல், கிச்சே தலைவர்கள் தொத்தோனிகப்பான் ஊரின் உரிமைப் பத்திரத்தில் இதே தோற்ற வரலாற்றின் ஒரு வடிவத்தை எழுதி, நில எல்லைகளுடன் சேர்த்துக் கையொப்பமிட்டனர். ஒரே கதை ஒருபுறம் புனித நூலாகவும் மறுபுறம் நிலப்பத்திரமாகவும் நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. இன்று நமக்குக் கிடைப்பது, சிச்சிகாஸ்தெனாங்கோ ஊரில் பங்குக் குருவாக இருந்த பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த படியே. அது சிகாகோவின் நியூபெர்ரி நூலகத்தில் உள்ளது.

எழுதி வைத்தவரின் பெயர் மறைவது இத்துறையின் தீராத தீங்கு. நியூசிலாந்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் கிரே 1854இல் மாவோரி மொழியிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வெளியிட்ட தொகுப்பே, வானத் தந்தை ரங்கியையும் மண்தாய் பாப்பாவையும் அவர்கள் மக்கள் பிரித்த கதையை உலகறியச் செய்தது. அந்நூலின் பெரும்பகுதி, தே அரவா குலத்தைச் சேர்ந்த தே ரங்கிகாஹேகே என்னும் அறிஞர் தம் கையால் எழுதித் தந்த நூற்றுக்கணக்கான பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்டது. கிரே பல குலத்தாரின் கதைகளை ஒன்றாக இணைத்து, எழுதியவரின் பெயரையும் விட்டுவிட்டார். மாவோரி மரபில் தோற்றக் கதை என்பது பாப்பாவிலிருந்து தொடங்கித் தன் பாட்டன் வரை வரும் வம்சாவளியாதலால், சொல்பவரின் குலத்தை நீக்கிவிட்டால் கதையின் முதுகெலும்பே நீங்கிவிடும். இத்தகைய வம்சாவளி உரிமையாகவும் நிற்கும்: வாங்கனுயி ஆற்றைத் தங்கள் முன்னோராகக் கருதும் மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியதன் பயனாக, 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் அவ்வாற்றைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்றது.

தமிழ் மரபிலும் இதற்கு நேரான சான்றுகள் உண்டு. இறையனார் அகப்பொருள் உரையில் வரும் மூன்று சங்கங்களின் வரலாற்றையும் கடல்கோளையும் கடலுக்கடியில் தேடுவோர், அவ்வுரை தன் கல்வி நக்கீரரிலிருந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை எவ்வழியே கைமாறி வந்தது என்று பெயர் சொல்லிக் காட்டுவதைக் கவனிப்பதில்லை. அக்கதை முதலில் ஓர் ஆசிரியப் பரம்பரையின் தோற்றக் கதை. மற்றொரு கோடியில், மானிடவியலாளர் ராபர்ட் டெலியேஜ் ஆராய்ந்த பறையர் சமூகத்தின் தோற்றக் கதைகளில், உடன்பிறந்த இருவருள் மூத்தவன் சொன்ன ஒரு சொல் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டு, இளையவன் பூசகனாகவும் மூத்தவன் தாழ்த்தப்பட்டவனாகவும் ஆகின்றனர். சாதி என்னும் ஏற்பாட்டை இக்கதை கேள்வி கேட்கவில்லை என்று டெலியேஜ் கருதினார். ஆனால் பிறப்பில் இழிவு என்பதை அடியோடு மறுத்து, தாங்களே மூத்தவர் என்றும் நேர்ந்தது ஒரு பிழையே என்றும் சொல்லும் கதையை வெறும் ஏற்பு என்று சுருக்குவது பொருந்தாது.

அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ள கிளை புவித்தொன்மவியல் ஆகும். பழங்கதைகளில் நிலநடுக்கம், எரிமலை, கடல்மட்ட உயர்வு ஆகியவற்றின் நினைவைத் தேடும் இத்துறைக்கு 1968இல் பெயரிட்டவர் நிலவியலாளர் டாரதி விட்டாலியானோ. வட அமெரிக்கப் பசிபிக் கரையில் இடிப்பறவையும் திமிங்கிலமும் பொருது நிலம் குலுங்கிக் கடல் பொங்கியதாகச் சொல்லும் கதைகள், 1700 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துடன் பொருந்துவதை, அக்கரையின் மூழ்கிய காடுகளும் ஜப்பானியக் கடற்கரைப் பதிவுகளும் உறுதிப்படுத்தின. ஓரிகானின் கிளமாத் மக்கள், பாதாளத் தெய்வம் லாவோவுக்கும் மேலுலகத் தெய்வம் ஸ்கெல்லுக்கும் நடந்த போரில் மலை உள்ளே சரிந்து ஏரியானது என்பர். அம்மலை ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சரிந்ததை நிலவியல் காட்டுகிறது. இவை பெருமிதம் தரும் கண்டுபிடிப்புகள்தாம். எனினும் நிலவியல் தலையசைத்தால்தான் கதைக்கு மதிப்பு என்னும் எண்ணம் இவற்றோடு உள்ளே நுழைந்துவிடுமானால், ஃப்ரேசரின் நூலகத்துக்கே திரும்பிச் சென்றவர்கள் ஆவோம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டென் மக்களின் மரபுவழித் தலைவர்கள் ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்குத் தொடுத்த வழக்கில் இந்த எண்ணம் நேராகவே சோதிக்கப்பட்டது. ஒவ்வொரு குடியின் தோற்றத்தையும் பயணத்தையும் நில எல்லையையும் கூறுவதும், விருந்துக் கூட்டத்தில் பிற குடிகள் சாட்சியாக அமர்ந்து கேட்பதுமான கிட்க்சான் மக்கள் அடாவ்க் என அழைக்கும் வகையான வாய்மொழி வரலாறுகளை அவர்கள் நீதிமன்றத்தில் பாடியும் சொல்லியும் காட்டினர். ஏரியிலிருந்து எழுந்த மாபெரும் கரடி மரங்களைச் சாய்த்து ஊரை அழித்ததாகக் கூறும் கதைக்கு, சீலி ஏரியில் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த நிலச்சரிவின் தடயமும் முன்வைக்கப்பட்டது. விசாரணை நீதிபதி 1991இல் இவற்றுக்குத் தனிச் சான்றாக மதிப்பளிக்க மறுத்தார். 1997 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை விலக்கி, வாய்மொழி வரலாறுகளை எழுத்து ஆவணங்களுக்கு இணையாக எடைபோட வேண்டும் என்று கூறி, மறு விசாரணைக்கு ஆணையிட்டது.

ஆகவே, தமிழகத்திலும் ஈழத்திலும் குலதெய்வக் கதைகளையும் மலைவாழ் மக்களின் தோற்றக் கதைகளையும் திரட்டும் இளம் ஆய்வாளர்கள், கதையோடு சொன்னவர் இசைந்தால் அவர் பெயரையும், அவருடைய ஊரையும் குடியையும், எந்தச் சடங்கில் எவர் முன்னிலையில் சொல்லப்பட்டது என்பதையும், மாறுபட்ட வடிவங்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் பதிந்து, ஒரு படியை அம்மக்களிடமே ஒப்படைக்க வேண்டும்.