அன்னையின் நான்கு கரங்கள்

நாட்டைத் தாயாகப் போற்றுவது கவிஞனுக்கு எளிது. 'தாய்' என்று அவன் பாடிய அளவிலே கேட்போர் தத்தம் அன்னையை நினைந்துகொள்வர். ஓவியனோ ஒரு முகத்தை எழுதியே ஆகவேண்டும். எந்நாட்டு முகம், எவ்வகை உடை, கையில் யாது என்னும் வினாக்களுக்கு அவன் விடையிறுத்தாக வேண்டும். வங்கப் பிரிவினை நிகழ்ந்த 1905-ஆம் ஆண்டில் அவனீந்திரநாத் தாகூர் தீட்டிய 'பாரத மாதா' இவ்விடைகளுள் தலையாயது.

காவியுடுத்த இளந்துறவி ஒருத்தி நிற்கிறாள். தலையைச் சூழ ஒளிவட்டம். அடியருகே வெண்டாமரை மலர்கள். நான்கு கரங்கள் என்றதும் சூலமும் வாளும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஈண்டு அவை இல்லை. நெற்கதிர், வெண்துகில், ஏட்டுச்சுவடி, செபமாலை ஆகியனவே உள்ளன. உணவு, உடை, கல்வி, அருள்நெறி என்பன இவற்றின் பொருள். அந்நியத் துணியை மறுத்த சுதேசி நாளில் அவ்வெண்துகில் எத்துணைப் பொருள் செறிந்ததாயிருந்திருக்கும்!

'வங்க மாதா'வாக முதலில் கருதப்பெற்றவளே பின்னர்ப் பாரத மாதாவானாள். 1903-இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியரிடம் அறிந்த நீர்வண்ண முறையை அவனீந்திரர் தம் வழியில் ஆண்டார். பிறர் கலையை ஏற்பது நாட்டுப்பற்றுக்கு இழுக்கன்று என்பதற்கு இதுவே சான்று.

எனினும் இப்படத்தில் ஒரு குறை உண்டு. அன்னையைச் சுற்றிப் பனிபோன்ற வண்ணமேயன்றி வயலில்லை, தறியில்லை. அக்கதிரை விளைத்தவர் யார்? துகிலை நெய்தவர் யார்?

இவ்வினாவிற்கு அவர்தம் மாணாக்கர் நந்தலால் போஸ் விடை தந்தார் எனலாம். 1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்காக, காந்தியடிகள் வேண்டியவண்ணம், அவர் எழுதிய படங்களில் உழவரும், தையற்காரரும், நெல் குத்தும் மகளிரும், கொட்டு முழக்குவோரும் இடம்பெற்றனர். மற்றொரு மாணாக்கர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நாம் கண்டு மகிழும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே.

பின்வந்த நாட்காட்டிப் படங்கள் பலவற்றில் அன்னை சிங்கத்தையும் சூலத்தையும் பெற்றாள். கதிரையும் சுவடியையும் இழந்தாள். அவை நம்மை வணங்கச் சொல்கின்றன. அவனீந்திரர் படமோ, ஒரு நாடு தன் மக்களுக்கு வழங்க வேண்டியவை யாவை என்று கூறுகிறது. தாயகம் விட்டு வேற்றுமொழி மக்களிடையே வாழும் நமக்கு அன்னையின் முகம் வங்க முகமாயினும், அவள் ஏந்திய நெற்கதிர் அயலானதன்று.