அடுக்களைக்குக் கேட்கும் நாடகம்

மருமகள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். கதவோரம் மாமியார். சொல்லக் கூடாத ஒரு விஷயம் மருமகள் வாயிலிருந்து விழுகிறது. கேமரா மாமியார் முகத்துக்குத் தாவுகிறது, ஓர் இடி. அதே முகம் இன்னும் நெருக்கத்தில்; இன்னோர் இடி. மூன்றாவது முறை கண்கள் மட்டும். பிறகு நாத்தனார், படியிறங்கி வரும் மாமனார், சம்பந்தமே இல்லாமல் காபித் தட்டோடு நிற்கும் வேலைக்காரப் பெண் என்று ஒரு சுற்று. ஒரு வரி வசனம் இல்லாமல் ஒரு நிமிடம் ஓடிவிடுகிறது.

கிண்டல் செய்ய இதைவிடச் சுலபமான விஷயம் கிடையாது. மீம் போடுகிறவர்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள். இந்தக் காட்சிமொழி எப்படி உருவானது என்று பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. என் கணிப்பில், தொடர்களின் கேமரா காதுக்குப் பின்னால்தான் நடக்கிறது. முதலில் ஒலி, அதற்கு ஒத்தாசையாக ஷாட்.

பிறப்பிலேயே இது தெரிகிறது. 1930களில் அமெரிக்க வானொலியில், பகல் நேரத்தில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காகத் தொடங்கிய வடிவம் இது. சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால் வந்த ‘சோப் ஓபரா’ என்ற பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இர்னா ஃபிலிப்ஸ் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937-இல் வானொலியில் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 வரை ஓடியது. வானொலியில் காட்சி மாறுவதையும் நெஞ்சு பதறுவதையும் ஆர்கன் வாத்தியம்தான் அறிவித்தது. படம் வந்த பிறகும் ஆர்கன் போகவில்லை. சிறிய அரங்கு, நேரடி ஒளிபரப்பு, சின்னத் திரை. அதில் முகத்தைத் தவிர வேறெதைக் காட்டுவது?

1980களில் ஆய்வாளர்கள் இந்த வடிவத்தைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். தொலைக்காட்சியைக் கண்கொட்டாமல் யாரும் பார்ப்பதில்லை, அவ்வப்போது ஒரு பார்வைதான் பார்க்கிறார்கள், அவர்களைப் பிடித்துவைப்பது ஒலியே என்றார் ஜான் எல்லிஸ் (1982). ரிக் ஆல்ட்மன் அதை இன்னும் நீட்டினார்: வேறு வேலையாக இருப்பவரைத் திரைக்குக் கூப்பிடுவதுதான் தொலைக்காட்சி ஒலியின் பணி. டானியா மோட்லெஸ்கி வேறு பக்கமிருந்து வந்தார். வீட்டில் யாருக்கு என்ன மனக்குறை என்று முகம் பார்த்தே அறியும் பொறுப்பு பெண்கள் தலையில் இருக்கிறது. தொடரின் குளோசப் அந்த வாசிப்பைத்தான் கேட்கிறது என்றார். இவர்களில் எனக்கு நெருக்கமானவர் அவர்தான். அந்த மாமியார் முகத்தில் கோபமா, பயமா, கணக்கா என்பதை மூன்று நொடியில் சொல்லிவிடும் பெண்களை எல்லோருக்கும் தெரியும்.

தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ கேட்டு, படமே இல்லாமல் படம் பார்த்தவர்கள் நாம். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசனம் ஓடினால் அடுத்த வரியை முந்திச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். அந்தக் காதுகளை நம்பித்தான் 1999-இல் ‘சித்தி’ வந்தது. 2002-இல் ‘மெட்டி ஒலி’. இரண்டின் தலைப்புப் பாடலுக்கும் தினா இசை, நித்யஸ்ரீ மகாதேவன் குரல். பாட்டு தொடங்கியதும் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

படப்பிடிப்புத் தளத்துக்குப் போனால் இன்னொரு காரணம் தெரியும். அதை ஆய்வு நூல்கள் அதிகம் தொடுவதில்லை. பல தொடர்களில் நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். நடிகர் அதை வாங்கிச் சொல்வார். பிராம்ப்டிங் இல்லாமல் ஒரு நாளில் அத்தனை காட்சி எடுத்து முடிக்க முடியாது. விளைவு, அந்த ஒலியை வைத்துக்கொள்ள வழியில்லை. எல்லாம் பிறகு டப்பிங். டப்பிங் குரலோ கண்ணாடி அறைக்குள் பேசியது போலச் சுத்தமாக இருக்கிறது. மின்விசிறி இல்லை, தெரு இல்லை, பாத்திரச் சத்தம் இல்லை. வீடு என்று காட்டுகிறார்கள், வீட்டின் சத்தமே கிடையாது. அந்த வெறுமையை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். கைக்குக் கிடைப்பது பின்னணி இசை. நாம் அலுத்துக்கொள்ளும் ஓயாத வயலினுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஷாட்டுக்கும் இதே கதை. பிராம்ப்டர் குரலுக்காக நடிகர் காத்திருக்கும் நொடியில் முகம் வெறிச்சென்று இருக்கும். எடிட்டர் அந்த இடைவெளியை வெட்டி எதிராளியின் ரியாக்‌ஷனை வைப்பார். இப்படி வெட்டி ஒட்டத் தோதாக காட்சி முழுவதையும் காட்டும் மாஸ்டர் ஒன்று, எதிராளியின் தோளுக்கு மேலாக ஆளுக்கொரு சஜஷன், ஆளுக்கொரு குளோசப் என்று எடுத்துக் குவிக்கிறார்கள். காட்சி நீளவேண்டுமென்றால் முகங்களை இன்னொரு சுற்று விடலாம். புதிதாக எழுதவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

2000-இல் ஏக்தா கபூரின் இந்தித் தொடர் ‘க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ இதை ஒரு சடங்காகவே ஆக்கியது. ஒரே முகம் மும்முறை, வெட்டுக்கு வெட்டு அறைகிற ஒலி. கம்ப்யூட்டர் எடிட்டிங்கில் இதற்குச் சில நொடிகள் போதும். இந்தி வழியில் நம் தொடர்களும் நடந்தன.

வேறு வழி இல்லாமல் போகவில்லை. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’வைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். குதிரையின் குளம்பொலிதான் முதலில் நினைவுக்கு வரும். பயத்தை முகத்தில் ஏற்றாமல், இருட்டிலும் வெட்டவெளியிலும் தூரத்து ஒலியிலும் வைத்தார் நாகா. வாரம் ஒருமுறை வரும் தொடருக்கு அந்த அவகாசம் இருந்தது. தினமும் வரும் தொடரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இயக்குநர் திருமுருகன் 2014-இல் ‘நாதஸ்வரம்’ ஆயிரமாவது அத்தியாயத்தை நேரலையாக, வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் தந்தார். தவறினால் திருத்த வழியில்லை என்ற பதைப்பே அன்றைக்கு நாடகமாக இருந்தது. சாதனைக்காகச் செய்தது என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நடிகர்களின் உடல் முழுசாகத் திரையில் இருந்தது, அதுவே தொடர்களில் அபூர்வம்.

குரலின் வலிமைக்கு ‘எதிர்நீச்சல்’ தொடர் போதும். நடிகர் மாரிமுத்து ஏற்ற ஆதி குணசேகரன் வெறும் அதட்டலிலேயே வீட்டை ஆண்டான். கேமரா நாலு பெண்களின் முகங்களில் நிற்கும், அவன் குரல் மேலிருந்து விழும். இடி, வயலின் எதுவும் தேவைப்படவில்லை. 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மாரிமுத்து மாரடைப்பால் காலமானார். பிறகு அந்த வேடத்தை ஏற்ற வேல ராமமூர்த்தி நல்ல நடிகர், கனமான குரல்காரர். ஆனாலும் பழகிய காது லேசில் சமாதானம் ஆகவில்லை.

இப்போது தொடர் கைபேசிக்கு இடம் மாறிக்கொண்டிருக்கிறது. திரை மறுபடி சின்னதானதால் குளோசப்புக்குப் புது வாழ்வு. காதில் இயர்போன் இருப்பதால் அடுக்களையில் இருப்பவரைக் கூப்பிடும் இடி மட்டும் தேவையற்றுப் போயிருக்கிறது. ஆனால் அதை நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. வேகத்தைக் கூட்டிவைத்துப் பார்க்கிறவர்களுக்கு மாமியாரின் மூன்று முகங்களும் கண்சிமிட்டும் நேரத்தில் போய்விடுகின்றன. அரை நிமிட புரோமோவுக்கென்றே காட்சியின் உச்சத்தை எழுதுகிறார்கள். அந்த அரை நிமிடத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, இரவு அத்தியாயத்தைத் தவிர்ப்பவர்களும் பெருகிவிட்டார்கள்.