எபோஷி என்ற பெண்

ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மொனொனொகே’ (1997) படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் மகள் கேட்டாள்: “வாப்பா, இந்த எபோஷி நல்ல ஆளா, கெட்ட ஆளா?” சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

விலைமாதர் விடுதிகளுக்கு விற்கப்பட்ட பெண்களை மீட்டு, உலைத்துருத்தி மிதிக்கும் வேலை கொடுத்தவள் எபோஷி. தொழுநோயாளரின் புண்களைக் கழுவிக் கட்டியவளும் அவள்தான். அவர்களைக் கொண்டே துப்பாக்கியும் செய்விக்கிறாள். கடைசியில் காட்டுத் தெய்வத்தின் தலையையே சுட்டுத் துண்டிக்கிறாள். அந்தப் பெண்களுக்குச் சோறு போடுகிற உலைதான் காட்டையும் தின்கிறது. அவளது இரக்கத்தையும் அழிவையும் பிரித்தெடுக்க முடியாது என்பதே படத்தின் பலம்.

மியாசாகி அவளைக் கொல்லவில்லை. ஒரு கையை இழந்தவள், நல்லதோர் ஊரை மீண்டும் கட்டுவோம் என்கிறாள்.

மகளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: “அவ கெட்டவ என்டு சொல்றதுக்கு முந்தி, அந்தப் பொம்பிளைகள் எங்க போவாங்க என்டு யோசிங்க மகள்.”