காக்கையின் பானையில் எவ்வளவு தண்ணீர்?

திருத்தங்கலில் எங்கள் தெருவுக்கு அருகே சிறுவர் படிப்பகம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அதற்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்து எனக்கு அப்போது அதிக நாள் ஆகவில்லை. எதையும் விஞ்ஞானத் தராசில் நிறுத்துப் பார்க்கும் உற்சாகம். பட்டியலில் இருந்த பஞ்சதந்திரம், ஈசாப் கதைகள், பாட்டி சொன்ன கதைகள் ஆகிய அனைத்தையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். ‘காக்கை பேசாது, நரி பாட்டுக் கேட்காது, பொய்யைப் படித்து வளரும் பிள்ளை நாளை எப்படி விஞ்ஞானம் படிக்கும்?’ என்று ஓரத்தில் காரணமும் எழுதினேன். அவற்றுக்குப் பதிலாக, விலங்குகளின் எடை, நீளம், ஆயுள், உணவு ஆகியவற்றை வண்ணப் படங்களுடன் கூறும் நூல்களை வாங்கச் செய்தேன்.

ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தேன். என் நூல்கள் வாங்கிய மெருகு குலையாமல் அலமாரியில் நின்றன. யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்ட, அட்டை கிழிந்த பஞ்சதந்திரம் ஒன்று மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது. படிப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் அக்கா, “சார், நீங்க வாங்கினதைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறேன், இதை ஒட்டி ஒட்டி வைக்கிறேன்” என்றார்.

வாசக நண்பர்களே, தோற்ற பரிசோதனையை மூடி மறைப்பது விஞ்ஞானிக்கு அழகன்று. என் கணிப்பு எங்கே பிழைத்தது என்று தேடியதில் எனக்குக் கிடைத்ததை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

இக்கதைகளின் பயணத்தை முதலில் ஒரு வரியில் நினைவுகொள்வோம். வடமொழியில் தோன்றிய பஞ்சதந்திரம் கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய பகலவி மொழிக்கும், 8-ஆம் நூற்றாண்டில் அரபுக்கும் சென்று, பல கை மாறி 1570-இல் ஆங்கிலத்திலும் அச்சேறியது. தமிழில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த உரைநடை நூல் 1826-இல் வெளிவந்தது. இவ்வளவு தூரம் நடந்த சரக்கு வெறும் பொய்யாக இருக்க முடியுமா என்ற ஐயம் எனக்கு அன்றே வந்திருக்க வேண்டும்.

பொய் இருக்கிறது; ஆனால் ஒன்றே ஒன்றுதான். நம் வகுப்பறைக் கணக்குகளை எண்ணிப் பாருங்கள். ‘உராய்வற்ற தளம் ஒன்றைக் கொள்க’, ‘எடையற்ற கயிறு ஒன்றைக் கொள்க’ என்று தொடங்குகிறோம். அத்தகைய தளமோ கயிறோ உலகில் எங்கும் இல்லை. இருந்தும் மாணவர் எவரும் நம்மைப் பொய்யர் என்று சொல்வதில்லை. ஏனெனில் அந்த ஒன்றைக் கொண்டபின் மற்ற அனைத்தும் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்கின்றன. நல்ல விலங்குக் கதையும் அப்படித்தான். ‘விலங்கு பேசும் எனக் கொள்க’ என்று ஒரு சலுகை கேட்கிறது. அதற்குமேல் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகள் இந்த ஒப்பந்தத்தை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். நரி பேசியதை ஏற்றுக்கொள்ளும் அதே பிள்ளை, நரி பறந்து போய் வடையைப் பிடுங்கியது என்று நாம் சொன்னால் ‘அதெப்படி?’ என்று எழுந்து உட்காரும்.

வடைக் கதையையே எடுத்துக்கொள்வோம். ஈசாப் பெயரில் வழங்கும் கதையில் காக்கையின் அலகில் இருந்தது பாலாடைக்கட்டி. நம் நாட்டில் அது பாட்டி சுட்ட வடையாயிற்று. பொருள் மாறினாலும் கதையின் அச்சாணி மாறவில்லை. உணவைப் பிடிப்பதும் அலகே, கரைவதும் அலகே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. இரு பறவைகள் கோலின் இரு முனையைக் கவ்வ, நடுவில் ஆமை கவ்விக்கொண்டு பறந்த கதையும் இதே அச்சாணியில்தான் சுழல்கிறது. வாயைத் திறந்தால் பிடி போயிற்று. பிடி போனால் புவியீர்ப்பு தன் வேலையைச் செய்யும். இரண்டு பறவைகளால் ஓர் ஆமையைச் சுமக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதில் கதாசிரியர் சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டிருக்கிறார். ஆனால் முடிவு மட்டும் விதிப்படியே வருகிறது.

இப்போது தமிழ்ப் பிள்ளைகளிடம் வழங்கும் திருத்தம் ஒன்றைக் கவனியுங்கள். நரி பாடச் சொன்னதும் காக்கை வடையைக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு ‘கா, கா’ என்கிறதாம். இதைக் கேட்டுப் பெரியவர்கள் சிலர், ‘கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று குறைப்படுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. கைப்பிடிச் சுவரில் அமர்ந்திருக்கும் காக்கையைப் பாருங்கள். கிடைத்ததைக் காலால் அமுக்கிக்கொண்டுதான் அலகால் கிழித்துத் தின்கிறது. திருத்தம் செய்த பிள்ளை யாரோ, காக்கையைப் பார்த்திருக்கிறது. பேசும் காக்கையை ஏற்றுக்கொண்டு, காலில்லாத காக்கையை மறுத்திருக்கிறது.

கிணற்றில் பாய்ந்த சிங்கத்தின் கதையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. தன் முகத்தையே அடையாளம் தெரியாத முட்டாளா சிங்கம் என்று நான் முன்பு சிரித்ததுண்டு. நேர் கீழே நோக்கும்போது நீர்ப்பரப்பு தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. அதோடு, குனிந்து பார்ப்பவரின் தலைக்குப் பின்னால் வானம் வெளிச்சமாக இருக்கிறது. ஆகவே கிணற்றில் தெரிவது முகமன்று. வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் கருநிழலாக ஒரு தலை. கண், மூக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. பிடரி மயிருள்ள கரிய உருவம் ஒன்று கீழிருந்து எட்டிப் பார்க்கிறது. கர்ச்சித்தால் குரலும் திரும்புகிறது. நீர்மட்டம் 17 மீட்டருக்குக் கீழே இருந்தால் எதிரொலி தனியாகவே கேட்கும். நம் பகுதியின் ஆழக் கிணறுகளில் கோடையில் இதை நீங்களே சோதிக்கலாம், கைப்பிடிச் சுவர் உறுதியாக இருந்தால். சிங்கம் ஏமாந்தது அவ்வளவு வியப்பன்று.

இனி, விலங்கு பேசும் என்ற சலுகையைக்கூடக் கேட்காத கதை ஒன்றைப் பார்ப்போம். தொட்டிற் குழந்தையைக் காக்கப் பாம்பைக் கொன்ற கீரி, வாயில் இரத்தத்தோடு வாசலுக்கு வருகிறது. தண்ணீர்க் குடத்துடன் வந்த தாய் அந்த இரத்தத்தைக் காண்கிறாள். குழந்தையைக் கடித்துவிட்டது என்று முடிவுகட்டிக் கீரியைக் கொன்றுவிடுகிறாள். வேல்ஸ் நாட்டில் இதே கதையில் கீரிக்குப் பதில் வேட்டைநாய், பாம்புக்குப் பதில் ஓநாய். பெத்கெலர்ட் என்ற ஊரில் அந்த நாயின் கல்லறை என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள். கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. இரத்தம் உண்மை. தாய் கண்டதும் உண்மை. கண்டதற்கும் கொண்ட முடிவுக்கும் நடுவே தொட்டிலை எட்டிப் பார்க்க வேண்டிய ஒரு நிமிடம் விடுபட்டுப் போயிற்று.

இந்தக் கதையை இளங்கோவடிகள் எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில். கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண் கணவனால் கைவிடப்பட்டு, அவன் கொடுத்த ஏட்டுடன் வணிகர் தெருவில் அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, பொருள் கொடுத்து, பாவம் தீர வழி செய்து, கணவனோடு சேர்த்துவைக்கிறான். இந்த நற்செயலை மாடலன் மதுரைக்கு வெளியே கோவலனுக்கே எடுத்துச் சொல்கிறான். அடுத்த காதை கொலைக்களக் காதை. அங்கே கோவலன் கையில் சிலம்பு இருக்கிறது, அதுவும் உண்மை. பாண்டியன் அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடுகிறான். கீரிக் கதை கேட்ட பிள்ளைக்கு அந்த இடத்தில் நெஞ்சு பதறும். ஏனெனில் இந்தப் பிழையை அது முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. அதே காப்பியத்தின் கட்டுரை காதையில் தங்கால் என்று வருவது நம் திருத்தங்கல்தான். அவ்வூர் வார்த்திகனின் மகன் புதிய அணிகலன்களுடன் திரிவதைக் கண்ட காவலர்கள், புதையலை எடுத்துக்கொண்டான் என்று தந்தையைச் சிறையிடுகிறார்கள். அணிகலன்களோ பராசரன் என்பவன் அந்தச் சிறுவனின் திறமையை மெச்சிக் கொடுத்த பரிசு. பின்னர் உண்மை அறிந்த பாண்டியன் பிழை பொறுக்க வேண்டி, தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்குகிறான். தவறான முடிவு ஒன்றுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட ஊரில் இருந்துகொண்டுதான் நான் சிவப்பு மையை எடுத்தேன்.

இவ்வளவு சொன்னதால் இக்கதைகளில் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. பாம்பு எந்தக் கதையில் வந்தாலும் பெரும்பாலும் வில்லனாகவே வருகிறது. அதன் விலையைச் சாரைப்பாம்பு கொடுக்கிறது. நஞ்சில்லாத அது, வயலில் எலியைத் தின்று நமக்கு நன்மை செய்வது; கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறோம். நரியின் தந்திரம், கழுதையின் மடமை, கொக்கின் கபடம் எல்லாம் மனிதர்கள் தங்கள் அழுக்கைத் துடைத்த துணிகள். இந்த இடத்தில் என் மெருகு குலையாத நூல்கள் கட்டாயம் வேண்டும். கதையை முடித்த பிள்ளை கையை நீட்டும் தூரத்தில் அவை இருக்க வேண்டும். கதையை எடுத்துவிட்டு அவற்றை வைத்ததுதான் என் பிழை.

மற்றொரு குறை கதையினுடையது அன்று, பதிப்பிப்பவர்களுடையது. கடைசியில் கட்டம் கட்டி ‘நீதி’ என்று ஒரு வரி போடுகிறார்கள். அந்த வரி வந்ததும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடுகிறது. தாகம் கொண்ட காக்கை பானைக்குள் கல் போட்ட கதையின் கீழ் முயற்சியைப் பற்றியோ அறிவைப் பற்றியோ ஒரு வாசகம் இருக்கும். அந்தக் கதை எழுப்பும் நல்ல கேள்வி வேறு: பானையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?

படங்களில் பானையின் அடியில் நாலு விரல் தண்ணீர் வரைகிறார்கள். அதைக் கல் போட்டு விளிம்புக்குக் கொண்டுவர முடியாது. கற்களைக் குவித்தால் அவற்றுக்கிடையே இடைவெளி இருக்கும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள கற்கள் என்றால் மொத்தக் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம். தண்ணீர் முதலில் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். நேர்ச்சுவருள்ள பாத்திரத்தில் கணக்கிட்டால், நீர்மட்டத்தை இரண்டரை மடங்குக்கு மேல் உயர்த்த இயலாது. 30 செ.மீ. உயரப் பாத்திரத்தில் 12 செ.மீ. தண்ணீர் இருந்தால் விளிம்பைத் தொடும். 6 செ.மீ. இருந்தால் 15 செ.மீ.யில் நின்றுவிடும், அதற்குமேல் விழும் கல் உலர்ந்தே கிடக்கும். பெரிய கல்லா சிறிய கல்லா என்பது இந்த எல்லையை அவ்வளவாக மாற்றாது. பெரிய கல்லால் காக்கைக்கு நடை குறையும், அவ்வளவுதான்.

காக்கைக்கு இது தெரியுமா? 2009-இல் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி என்னும் ஆய்வாளர்கள் ஐரோப்பாவில் வாழும் ‘ரூக்’ என்ற காக்கை இனத்தைச் சேர்ந்த நான்கு பறவைகளிடம், நீர்க்குழாயில் மிதக்கும் புழுவைக் காட்டினார்கள். பறவைகள் கல்லைப் போட்டு நீரை உயர்த்திப் புழுவை எடுத்தன. பெரிய கல்லே விரைவில் பயன் தருகிறது என்றும் கற்றுக்கொண்டன. குழாயில் கல் போடுவது அவற்றுக்கு முன்பே பழக்கம் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. 2014-இல் நியூ கலிடோனியாக் காக்கைகளிடம் சோதித்தபோது, அவை மிதக்கும் பொருளை விட்டு மூழ்கும் பொருளையும், உள்ளீடற்றதை விட்டுத் திண்மையானதையும் தேர்ந்தெடுத்தன. ஆனால் குழாயின் அகலம் மாறினால் என்ன ஆகும் என்பது அவற்றுக்குப் பிடிபடவில்லை. இதே வகைச் சோதனையை 2012-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் குழந்தைகளிடம் நடத்தினார்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழப் பறவைகளைப் போலவே செய்தனர். எட்டு வயதைக் கடந்தவர்கள் முதல் முயற்சியிலேயே வென்றனர். இந்த ஆய்வுகள் ‘ஈசாப் கதைச் சோதனை’ என்றே அழைக்கப்படுகின்றன. ‘காக்கை பேசாது’ என்று அடித்துத் தள்ளிய கதையிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வினா போயிருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் படிப்பகத்துப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். 20 செ.மீ. உயரக் கண்ணாடிச் சாடி, 5 செ.மீ. தண்ணீர், கட்டடத்துக்குப் பயன்படும் சிறு ஜல்லி. நீர் 12 செ.மீ.க்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. நான் கணக்கை விளக்கி முடித்த திருப்தியில் இருந்தபோது, பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை கொத்தனார். “சார், காங்க்ரீட் போடும்போது ஜல்லிக்கு நடுவுல மணல் இறங்கிரும்ல? காக்கா கல்லைப் போட்டுட்டு மணலையும் அள்ளிப் போட்டா?” என்றான்.

நான் அதை நினைக்கவில்லை. ஜல்லியின் வெற்றிடத்தை மணல் நிரப்பினால், மணலுக்குள் இருக்கும் வெற்றிடம் மட்டுமே மிஞ்சும். 40 சதவீதத்தில் 40, அதாவது 16 சதவீதம். கணக்குப்படி நீர் ஆறு மடங்கைத் தாண்டி ஏற வேண்டும். உண்மையில் அவ்வளவு ஏறுமா, மணல் அடிவரை இறங்குமா, மேலே வரும் நீர் குடிக்கும்படி இருக்குமா? அன்று மணல் கைவசம் இல்லை. அக்கா சாடியைக் கழுவி, கிழிந்த பஞ்சதந்திரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார்.