காதற் புதினங்களில் அறியாத் தலைமகன்

காதலைப் பாடிய நம் முன்னோர், தலைவியின் நாணத்தையும் மடத்தையும் விரித்துரைத்த அளவுக்குத் தலைவனின் அறியாமையை உரைத்தாரில்லை. தொல்காப்பியர் பெருமையையும் உரனையும் ஆடவர்க்கும், அச்சத்தையும் நாணையும் மடனையும் பெண்டிர்க்கும் உரியனவாக வகுத்தார். மருதத்திணைத் தலைவன் பரத்தையிற் பிரிந்து மீள்பவன். கோவலனோ மாதவியிடம் பொருள் இழந்து மீள்பவன். ஆடவன் அறிந்தவன், பெண் அறியாதவள் என்பதே நெடுங்காலம் காதற் கதைகளின் எழுதாச் சட்டமாக இருந்தது.

இச்சட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. நம் நகர்களின் வாடகை நூலகங்களில் அடுக்கடுக்காகக் கிடந்த ஆங்கிலக் காதல் நாவல்களைப் புரட்டியவர் அறிவர். அங்கே நாயகன் உலகம் சுற்றியவன், பல பெண்களைக் கண்டவன். நாயகியோ பெரும்பாலும் ஒன்றும் அறியாத இளநங்கை. 1991-இல் டயானா கேபல்டன் எழுதிய ‘அவுட்லாண்டர்’ இம்முறையைத் தலைகீழாக்கியது. இரண்டாம் உலகப் போரில் செவிலியாகப் பணியாற்றிய மணமான பெண்ணொருத்தி, காலம் பிறழ்ந்து 1743-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் போய் விழுகிறாள். அங்கே தன்னினும் இளையவனான ஜேமி என்பானை மணக்க நேர்கிறது. மணவறைக்குள் அறிந்தவளாக நுழைபவள் அவள், அறியாதவனாக நுழைபவன் அவன். அந்நாவல் பெற்ற பெரும் வரவேற்பு, வாசகர் நெஞ்சம் இம்மாற்றத்துக்குக் காத்திருந்தது என்பதைக் காட்டும்.

ஆயினும், தலைவன் பெண்ணை அறியாதவன் என்று எழுதிவிடுவதால் மட்டும் ஒரு கதை புதிதாகி விடாது. அவனுடைய அறியாமை யாருக்கு என்ன செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு நம் நாட்டுப் பழங்கதை ஒன்றையே உரைகல்லாகக் கொள்வோம்.

கம்பர் கலைக்கோட்டு முனி எனக் குறிக்கும் ருசியசிருங்கர், பெண் என்றொரு பிறப்பு உண்டு என்பதையே அறியாமல் காட்டில் வளர்ந்தவர். மழை பொய்த்த அங்க நாட்டுக்கு அவரை அழைத்து வரக் கணிகையர் அனுப்பப்படுகின்றனர். முதன்முதலில் ஒரு பெண்ணைக் கண்ட அவர், புதுவகைத் தவசி ஒருவர் வந்து போனதாகத் தந்தையிடம் விவரிக்கும் பகுதி மகாபாரத வனபருவத்தின் அழகுகளுள் ஒன்று. முனிவர் நாட்டில் கால் வைக்க மழை பொழிகிறது. அரசன் மகள் சாந்தை அவருக்கு மனைவியாகிறாள். காட்டுக்குச் சென்ற கணிகை என்ன ஆனாள்? கதைக்கு அக்கவலை இல்லை. ஆடவனின் அறியாமை நாட்டுக்கு மழையாயிற்று; அதை நீக்கியவளுக்குப் பெயர் கூட மிஞ்சவில்லை.

இப்பழைய கணக்கு நம் காலத்துப் புதினங்களில் எவ்வாறு தீர்க்கப்படுகிறது? இதனை ஆராயத் தி. ஜானகிராமனை விடச் சிறந்த இடம் இல்லை. பின்னாளில் தில்லி வானொலியில் பணியாற்றியவர் என்பதால், தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு அவர்மேல் தனி உரிமையும் உண்டு.

சுதேசமித்திரனில் தொடராக வந்த ‘மோகமுள்’ளின் பாபு, தன்னைவிடப் பத்தாண்டு மூத்த யமுனாவைத் தெய்வமென வணங்குபவன்; தன் தூய்மையைப் பற்றி உள்ளூரப் பெருமிதம் கொண்டவன். முதியவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட அண்டை வீட்டு இளம்பெண் தங்கம்மாள் ஓரிரவு அவனை நாடி வருகிறாள். அவன் இணங்குகிறான். பின்னர்த் தன் தூய்மை போயிற்றே என்று நைந்து அவளை விலக்குகிறான். தங்கம்மாள் உயிரை மாய்த்துக் கொள்கிறாள். நாவல் யமுனாவை நோக்கி நடந்துவிடுகிறது. ஆசிரியர் அவளிடம் இரக்கம் அற்றவரல்லர். ஆயினும் கட்டமைப்பில் அவள் வகிக்கும் இடம் காட்டுக்குச் சென்ற கணிகையின் இடமே. தலைவன் அறிந்தான், விலையை அவள் கொடுத்தாள்.

‘அம்மா வந்தாள்’ 1966-இல் வெளிவந்தபோது எழுந்த சினம் பெரும்பாலும் அலங்காரத்தம்மாளின் ஒழுக்கத்தைப் பற்றியதாகவே இருந்தது. அச்சினத்தின் நிழலில், அப்பு என்னும் தலைமகன் எத்தகையவன் என்பது போதிய அளவு பேசப்படாமற் போயிற்று. காவிரிக்கரை வேத பாடசாலையில் இளமை முழுவதையும் கழித்தவன் அவன். வேதம் அறிந்தவன், வேறெதுவும் அறியாதவன். பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப்பெண் இந்து, இளமையிலேயே கணவனை இழந்து அங்கு வாழ்கிறாள். அவள் தன் காதலை வாய்விட்டுச் சொல்கிறாள். அவன் அஞ்சி ஒதுங்குகிறான். அவ்வச்சத்துக்கு அவன் சூட்டும் பெயர் ஒழுக்கம்.

இங்கேதான் ஜானகிராமனின் கலைத்திறன் வெளிப்படுகிறது. அப்புவின் கண்ணைத் திறப்பது இந்துவின் அணைப்பு அன்று. சென்னையில் தன் வீட்டில், தாய்க்கும் சிவசுவுக்கும் உள்ள உறவையும், அதை அறிந்தும் மௌனமாக வாழும் தந்தை தண்டபாணியையும் காணும்போதே அவன் அறியாமை உடைகிறது. பெண்ணுக்கும் விருப்பம் என ஒன்று உண்டு. அவ்விருப்பம் தாயின் உள்ளத்திலும் குடியிருக்கும் என்னும் உண்மையை அவன் முதன்முறையாக எதிர்கொள்கிறான். உடலை அறியாமை சிறிய அறியாமை. எதிரில் நிற்பவளுக்கும் ஒரு மனம் உண்டு என்பதை அறியாமையே பெரிது. பின்னது நீங்கிய பிறகே அப்பு காவிரிக்கரைக்கு மீண்டு இந்துவின் பக்கம் நிற்கும் வலிமை பெறுகிறான்.

இங்கும் விலை கொடுப்பவள் ஒருத்தி உண்டு. மகனை வேதம் ஓத அனுப்பியதே தன் பிழைக்குக் கழுவாய் தேடி. அவன் இந்துவோடு வாழத் துணிந்தான் எனக் கண்டதும் அலங்காரத்தம்மாள் காசியை நோக்கிப் புறப்படுகிறாள். ஆயினும் தங்கம்மாளைப் போல் அவளைக் கதை மறந்துவிடவில்லை. நூலின் பெயரிலேயே அவள் நிற்கிறாள், முடிவும் அவளுடையதே. ‘மோகமுள்’ளில் செலுத்தாத கடனை ஆசிரியர் இங்கே செலுத்தினார் என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் அண்டை மொழியிலிருந்து ஒரு நூலை ஒப்பிட்டு நோக்குதல் தகும். யு. ஆர். அனந்தமூர்த்தியின் ‘சம்ஸ்காரா’ கன்னடத்தில் 1965-இல் வெளிவந்தது. அதைக் காதற் புதினம் எனல் பொருந்தாது. எனினும் அதன் தலைமகன் பிராணேசாச்சாரியர் அப்புவுக்கு மூத்த உடன்பிறப்பு எனத்தக்கவர். நோயுற்ற பெண்ணை மணந்து, அவளுக்குப் பணிவிடை செய்வதையே தவமாகக் கொண்டவர். இறந்த நாரணப்பனுக்கு ஈமக்கடன் செய்வது யார் என்னும் சிக்கலுக்கு விடை காணாமல் மாருதி கோயிலிலிருந்து மீளும் இரவில், காட்டிருளில் சந்திரியால் முதன்முதலாக உடலின்பம் அறிகிறார். அதன்பின் நாவல் முழுதும் அவர் மனத்தின் கொந்தளிப்பே. சந்திரியோ, அக்கிரகாரத்துச் சாத்திரம் அனைத்தும் கூடிச் செய்ய இயலாத காரியத்தை இரவோடிரவாகச் செய்து முடிக்கிறாள். பிணத்தை எரித்துவிட்டு ஊரை விட்டுப் போகிறாள். தம் வீழ்ச்சியைப் பற்றி ஆச்சாரியர் எண்ணும் பக்கங்கள் பல. சந்திரி என்ன எண்ணினாள் என்பதைக் கூறும் பக்கங்கள் சிலவே. அறிவாற்றலில் அந்நூல் ஓங்கி நிற்பது உண்மை. எதிர்நிற்கும் பெண்ணுக்குப் பேச இடம் தருவதில் ‘அம்மா வந்தாள்’ அதனினும் ஒரு படி முன் நிற்கிறது என்பது என் துணிபு.

கற்பை இரு பாலார்க்கும் பொதுவாக்க வேண்டும் என்றார் பாரதியார். அவ்வழி நோக்கினால் அறியாத் தலைமகன் வரவேற்கத்தக்கவனே. ஆனால் அவன் தூய்மையைக் காப்பதே கதையின் நோக்கமாகிவிட்டால், எதிர்வரும் பெண் கெடுப்பவளாகவோ கருவியாகவோ சிறுத்துப் போகிறாள். அவன் அறியாமையை அறியாமை என்றே எழுதும் கதையில்தான் அவள் மனிதப் பிறவியாக எழுந்து நிற்கிறாள். தலைவன் எத்துணைத் தூயவன் என வியப்பதோடு திறனாய்வாளர் கடமை முடிந்துவிடாது. அவன் கற்றுக்கொண்ட பாடத்துக்குக் கட்டணம் செலுத்தியவள் யார், அவளுக்குக் கதையில் ஒரு பெயரும் ஒரு சொல்லும் எஞ்சினவா என்று கேட்பதும் நம் கடமையே. நாளை எழுதப்படும் தமிழ்ப் புதினங்களில் தங்கம்மாள்களும் சந்திரிகளும் தம் கதையைத் தாமே சொல்லும் காலம் வரட்டும்; அன்று அறியாத் தலைமகனும் தன் அறியாமைக்கு நாணாமல் அவர்கள் சொல்வதைச் செவிமடுப்பான்.