வேலணை வெயிலும் எடின்பரோ ஆய்வும்

பங்குனி மாதம் ஒரு வேலையாக வேலணைக்குப் போயிருந்தேன். பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று போகிற அந்த வீதியில் காலை பதினொரு மணிக்கே கண் கூசும். சாட்டிக் கடற்கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் இருமலைக் கேட்டுவிட்டு, “தம்பி, நாளுக்கு ஒரு மணித்தியாலம் வெயில்ல நில்லும். கொரோனா வந்து எங்களை என்ன செய்தது? வெயில்ல காய்ஞ்ச உடம்பு இது” என்றார்.

“ஐயா, இதைத்தான் ஒரு வெள்ளைக்கார டொக்டரும் எழுதியிருக்கிறார்” என்றேன்.

“அப்ப பிறகென்ன?” என்று சிரித்தார்.

அந்தப் ‘பிறகென்ன’ என்னை விடவில்லை. நான் சொன்ன டொக்டர், எடின்பரோ பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ரிச்சர்ட் வெல்லர். அவரும் மார்க் செரி முதலானோரும் எழுதிய ஆய்வு 2021இல் பிரித்தானியத் தோல் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. எங்களுடைய ஆட்கள் கைத்தொலைபேசியில் பரப்பிய ‘வெயில் மருத்துவ’ச் செய்திகளில் பாதிக்கு இதுதான் அத்தாட்சி. ஆனால் ஆய்வைப் பரப்பியவர்கள் அதைப் படித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது மட்டமான ஆய்வு அல்ல. அமெரிக்காவின் 2,474 மாவட்டங்களை எடுத்து, 2020 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒவ்வொன்றிலும் விழுந்த புற ஊதாக் கதிரின் ‘ஏ’ வகையையும் கொவிட் இறப்புகளையும் ஒப்பிட்டார்கள். பிறகு இங்கிலாந்திலும் இத்தாலியிலும் அதையே செய்துபார்த்தார்கள். மூன்றையும் சேர்த்தால், நாளொன்றுக்குச் சதுர மீற்றருக்கு 100 கிலோஜூல் கதிர் கூடும்போது இறப்பு ஆபத்து ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. இதில் கெட்டித்தனமான இடம் ஒன்றுண்டு. தோலில் விற்றமின் டி உண்டாக்குவது ‘பி’ வகைக் கதிர். அந்தக் கதிர் போதாத இடங்களையே அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். ஆகவே ‘எல்லாம் விற்றமின் டியின் வேலை’ என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் முன்வைக்கும் விளக்கம் வேறு: ‘ஏ’ கதிர் தோலிலிருந்து நைத்திரிக் ஒக்சைட்டை வெளிவிடுகிறது. அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை 24 பேரில் சோதித்து வெல்லரின் குழு 2014இலேயே காட்டியிருந்தது.

இனி என் குறை. அந்த ஆய்வு எந்த ஒரு மனிதனுடைய தோலிலும் வெயிலை அளக்கவில்லை. அளந்தது மாவட்டத்துக்கு மேல் விழுந்த வெயிலை. வயது, வறுமை, சூழல் என்று பலவற்றைக் கணக்கில் எடுத்தார்கள்தான். ஆனால் வெயில் உள்ள ஊரில் சனம் கதவைத் திறந்து வைக்கும், முற்றத்தில் இருந்து கதைக்கும். குளிரூரில் ஒரே அறைக்குள் ஒருவர் மூச்சை மற்றவர் இழுக்கும். கதிரையும் காற்றையும் இதில் பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. காரணத் தொடர்பை இது நிறுவவில்லை என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். செய்தியைப் பரப்பினவர்கள் அந்த ஒரு வசனத்தை மட்டும் விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, குளிர்நாட்டு மாசியில் கிடைத்த கணக்கைத் தூக்கிவந்து வேலணையில் பொருத்த முடியுமா? எங்களுக்குக் கூட்டிக்கொள்ள வெயில் மிச்சமில்லை. தமிழ்நாட்டில் 2021 மே மாதம், கத்திரி வெயில் நேரம், ஒரே நாளில் 36,000க்கு மேற்பட்டோருக்குத் தொற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் இலங்கையின் இறப்பு நாளொன்றுக்கு 200ஐத் தாண்டியது. அது வடக்கில் நிலம் வெடிக்கும் காலம். டெல்டா வேறு வகை வைரஸ் என்பது சரி. இதனால் எடின்பரோக் கணக்குப் பொய்யாகிவிடாது. ஆனால் ‘வெயில்ல காய்ஞ்ச உடம்பு’க்கு அது காவல் என்ற பேச்சு நிற்காது. கடற்றொழிலோடு சேர்ந்த ஆட்களையே எடுங்கள்: 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையிலிருந்துதான் தொற்று நாடெங்கும் போனது. வெயில் குறைந்து அல்ல, நெரிசல் கூடி.

ஆய்வுகூடத்தில் எச்சிலில் கலந்து உருக்குத் தகட்டில் காயவைத்த வைரஸை நடுக்கோடை வெயிலுக்கு ஒப்பான ஒளி ஏழு நிமிடத்துக்குள் 90 சதவீதம் செயலிழக்கச் செய்தது என்பதும் உண்மை. அது தகட்டின் கதை. நெஞ்சுக்குள் இருக்கும் வைரஸுக்கு வெயில் எட்டாது. விற்றமின் டி மாத்திரையும் அப்படித்தான்: 2017இல் 25 சோதனைகளைத் தொகுத்தபோது சுவாசத் தொற்றுக்குச் சிறிய நன்மை தெரிந்தது. 2022இல் பிரித்தானியாவில் 6,200 பேரிடம் செய்த சோதனையில் அதுவும் தெரியவில்லை. (வீட்டுக்குள்ளேயே இருக்கிற எங்கள் பெண்களுக்கு முற்றத்து வெயில் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது எலும்புக்காக.)

இதை இவ்வளவு பிடிவாதமாக ஏன் எழுதுகிறேன்? 2020 ஏப்ரலில், ஜனாஸாக்களை எரிக்கத்தான் வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. நிலத்தடி நீரால் வைரஸ் பரவும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கலாம் என்று சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரி வரை எங்களவர்களின் உடல்களை எரித்தார்கள். ‘ஆதாரம் எங்கே?’ என்று நாம் ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டோம். அதே நாட்களில்தான், ஆதாரம் கேளாமல், வெயில் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டும் இருந்தோம்.

என் மாமா புத்தளத்தில் காய்ச்சலோடு ஐந்து நாள் முற்றத்து வெயிலில் கதிரை போட்டு இருந்தார். “வெயில் குடிச்சாச் சரியாப் போகும் மகன்” என்றார். ஆறாம் நாள் மூச்சு வாங்கத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 2021 ஓகஸ்ட். ஓட்டமாவடியில் அடக்கினார்கள். வெயில் கொன்றது என்றோ, முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்றோ நான் சொல்ல மாட்டேன். ஒரு ஜனாஸாவை வைத்து அப்படிச் சொன்னால் நானும் அந்தச் செய்திக்காரன்தான்.

சாட்டியில் பெரியவரிடம் இன்னுமொன்று கேட்டேன்: “கொரோனா நேரம் பகல் முழுக்க எங்க இருந்தனீங்கள் ஐயா?”

“கடலுக்குப் போகாத நாளில இந்தப் பூவரசுக்குக் கீழதான். வெயிலுக்க ஆர் இருப்பான்?”

நிழலும் கடற்காற்றும் தள்ளி இருந்ததும் அவரைக் காத்திருக்கலாம், வெயிலும் காத்திருக்கலாம். தெரியாது. தெரிந்துகொள்ள வழியுண்டு. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலிருந்து வேலணைக்குத் தூரம் அதிகமில்லை. கடலில் நிற்கிறவர்களையும் தையல் கடைக்குள் இருக்கிறவர்களையும் ஒரு மாரி முழுக்கத் தொடர்ந்து, ஒவ்வொருவர் சட்டையிலும் கதிர் அளக்கும் சிறு கருவியைக் குத்தி, எவருக்கு எத்தனை தரம் தடிமன் காய்ச்சல் வந்தது என்று எழுதிவர வேண்டும். இதைப் படிக்கும் எங்கள் மருத்துவ மாணவர் யாராவது அதைத் தொடங்கினால், கூடவே பெயர் பதிந்து திரிய நான் வரத் தயார்.